எல்லா ஸ்டாப்பிலும் நிற்கும் கார்

சிவந்திபாளையத்தில் தராசுக்கடை வைத்திருக்கும் சென்னியப்பனுடைய, அதாவது என் அப்பாவுடைய, வெள்ளைக் காரின் முன்பக்கத்து இடது சீட்டு முதலில் லேசாக ஆடத் தொடங்கி, ஆட்டம் முற்றி ஓட்டமாகி, அப்பா பிரேக் போட்டால் அம்மா முன்கண்ணாடி வரை போய் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வருவதும், ஆக்ஸிலேட்டரை மிதித்தால் பின்னால் உட்கார்ந்திருக்கும் என் முழங்காலில் வந்து இடித்து நிற்பதுமாக இருந்த நாட்களில்தான் அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. ஓடுகிற பொருள் ஓடிக்கொண்டே இருக்கப் பார்க்கும், நிற்கிற பொருள் நின்றுகொண்டே இருக்கப் பார்க்கும் என்று கல்லூரியில் இயற்பியல் பாடத்தில் மனப்பாடம் செய்து மார்க் வாங்கியவள்தான் நான் என்றாலும், அந்த விதி எனக்கு உண்மையில் விளங்கியது அம்மா வந்து என் முழங்காலில் மோதிய பிறகுதான்.

அப்பா வைத்தியம் செய்யாமல் இல்லை. முதலில் சீட்டுக்குப் பின்னால் சாக்கை மடித்து வைத்தார். சாக்கு நசுங்கியது. மரக்கட்டையைச் சீவி ஆப்பு அடித்தார். ஆப்பு தெறித்து ஜன்னல் வழியாகப் போயிற்று. தேங்காய் நார்க் கயிற்றால் சீட்டைக் கதவோடு சேர்த்துக் கட்டினார். அதனால் அம்மா இறங்க வேண்டிய போதெல்லாம் முடிச்சை அவிழ்க்க வேண்டியிருந்தது. கடைசியில் கடையிலிருந்து தேய்ந்துபோன பெரிய எடைக்கல் ஒன்றைக் கொண்டுவந்து சீட்டுக்கு அண்டை கொடுத்தார். அது ஒவ்வொரு திருப்பத்திலும் உருண்டு என் கால் கட்டைவிரலை விசாரித்துவிட்டுத் திரும்பிப் போனது.

அப்பாவுக்கு இன்னொரு வழக்கமும் உண்டு. வண்டியை எடுத்துவிட்டால் போய்ச் சேரும் இடத்தைத் தவிர வேறெங்கும் நிறுத்த மாட்டார். வழியில் இளநீர்க் கடையைப் பார்த்து அம்மா “ஏனுங்க” என்று ஆரம்பித்தால் “வர்றப்ப பாத்துக்கலாம்” என்பார். வரும்போது “ஏனுங்க” என்றால் “இன்னேரம் வீடே வந்துரும்” என்பார். இப்படி வர்றப்ப பாத்துக்கலாம் என்று விட்டுவந்த இளநீரையும் நுங்கையும் கோயில்களையும் சொந்தக்காரர் வீடுகளையும் ஓரிடத்தில் கூட்டி வைத்தால் அது சிவந்திபாளையத்தைவிடப் பெரிய ஊராக இருக்கும். அந்த ஊரில் அம்மா ஒருநாள்கூட இறங்கியதில்லை.

அந்த ஊரின் முதல் வீடு நாச்சிமுத்து மாமாவுடையது. அம்மாவின் ஒரே அண்ணன். நான் பிறப்பதற்கு முன், அக்கா கைக்குழந்தையாக இருந்தபோது, கோயிலில் காதுகுத்து வைத்திருந்தார்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும் என்பதால், மாமா சீர்த்தட்டுகளைத் தூக்கிக்கொண்டு தன் ஊரான கொறங்காட்டுப்புதூரிலிருந்து ‘நல்லமங்கை’ பஸ்ஸில் ஏறினார். நல்லமங்கை என்பது அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் ஓடிய பச்சைப் பெயிண்ட் தனியார் பஸ். கை காட்டினாலும் காட்டாவிட்டாலும் எல்லா ஸ்டாப்பிலும் நிற்கும், ஏற ஆளில்லாவிட்டாலும் யாராவது வருவார்களா என்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மனசில்லாமல்தான் கிளம்பும். இங்கே நல்ல நேரம் முடியப் போகிறது என்று அப்பா பங்காளி ஒருவர் மடியில் குழந்தையை வைத்துக் காதைக் குத்தச் சொல்லிவிட்டார். குழந்தை வீறிட்ட சத்தம் அடங்குவதற்குள் மாமா தட்டுகளோடு படியேறி வந்தார்.

“எல்லா ஸ்டாப்புலயும் நின்னு வந்துச்சுங்க மாப்பிள்ளை” என்றார் மாமா.

“நல்ல நேரம் எந்த ஸ்டாப்புலயும் நிக்காதுங்க மச்சான்” என்றார் அப்பா.

மாமா தட்டுகளைக் கோயில் படியிலேயே இறக்கி வைத்துவிட்டு அதே பஸ்ஸில் திரும்பிப் போனார். அதற்குப் பிறகு அம்மாவும் மாமாவும் துக்க வீடுகளில் மட்டுமே பார்த்துக்கொண்டார்கள். சொந்தத்தில் யாராவது காலமானால் அம்மா அழுதுகொண்டேதான் கிளம்புவாள், ஆனால் அண்ணன் வருவார் என்ற நினைப்பில் பெட்டியிலிருந்து கொஞ்சம் நல்ல புடவையாக எடுத்துக் கட்டிக்கொள்வாள். எனக்கு நகைக்கடை ஸ்டூலில் உட்கார வைத்துக் காது குத்தினார்கள். மடி யாருடையது என்ற பேச்சே எழவில்லை.

எங்கள் பக்கத்தில் கல்யாணப் பத்திரிகை முதலில் குலதெய்வத்துக்கு, அடுத்தது தாய்மாமனுக்கு. புருஷனும் பெண்டாட்டியுமாகப் போய், வெற்றிலை பாக்கு பழத்தோடு தட்டத்தில் வைத்து, மாமன் கையில் கொடுத்த பிறகுதான் மற்றவர்களுக்கு. அப்படிக் கூப்பிடாவிட்டால் மாமன் வரமாட்டார். மாமன் வராவிட்டால் பெண்ணுக்கு மாலை எடுத்துக் கொடுக்கும் இடத்தில் ஒரு ஆள் குறையும், அந்தக் குறை போட்டோவில் வருவதோடு, பிறகு யார் வீட்டுக் கல்யாணத்திலும் பேச்சாக வரும். பத்திரிகை அச்சாகி வந்த நாளிலிருந்து அம்மாவுக்கு வேறு கவலை இல்லை. குலதெய்வத்துக்கு வைத்துவிட்டுக் காரில் ஏறியதும் கேட்டாள்.

“ஏனுங்க, அடுத்தது அண்ணனூடுதானுங்க?”

“வர்றப்ப பாத்துக்கலாம்” என்று அப்பா ஆக்ஸிலேட்டரை மிதித்தார். அம்மா தட்டத்தோடு பின்னால் வந்தாள். குங்குமம் முழுக்க என் மேல் கொட்டியது. சம்பந்தி வீட்டார் பார்க்க அம்மா இப்படிக் காருக்குள்ளேயே போய்வந்துகொண்டிருந்தால் மரியாதையாக இருக்காது என்று அப்பாவுக்கே தோன்றியிருக்க வேண்டும். வண்டியை நேராக ஊர்க் கோடியில் இருக்கும் சுபைதா அக்காவின் காயலாங்கடைக்கு விட்டார்.

சுபைதா அக்கா செத்த வண்டிகளைப் பிரித்து, கதவைக் கதவோடும் ஸ்டியரிங்கை ஸ்டியரிங்கோடும் அடுக்கி வைத்திருப்பவள். வெல்டிங்கும் அவளே வைப்பாள். சீட்டுக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தாள்.

“லாக்குப் பல்லெல்லாம் தேஞ்சு பொக்கவாய் ஆயிருச்சு சார். அடித்தகடு பூரா துரு, வெரல வெச்சா வறுக்கி ரொட்டியாட்டம் ஒடையுது. சீட்டுக்கு அடியில புது ரெயிலு வாங்கிப் போட்டுருங்க.”

“பழசுல பாருங்க.”

“பழசுன்னா பழைய புத்தியோட வரும்.”

“இரும்புக்கு எதுக்குங்க புத்தி? கனம் இருந்தாப் பத்தாதா?” என்று சொல்லிவிட்டு அப்பா குவியலுக்குள் இறங்கினார். தராசுக்காரர் அல்லவா, ஒவ்வொரு இரும்பாக எடுத்து உள்ளங்கையில் வைத்து நிறுத்துப் பார்த்து, இது லேசு, இது சுத்தமாக லேசு என்று தள்ளிக்கொண்டே போய், பச்சைப் பெயிண்ட் ஒட்டியிருந்த நான்கு கால்களும் அவற்றின் போல்ட்டுகளும் கைக்கு வந்ததும் முகம் மலர்ந்து நின்றார்.

“அது நல்லமங்கையோட கண்டக்டர் சீட்டுக் காலு சார்” என்றாள் சுபைதா அக்கா. “நல்ல இரும்புதான். ஆனா நிக்கற எடத்துல நின்னு பழகுனது.”

“சீட்டு நிக்கோணும்னுதானுங்க வந்திருக்கறோம்.”

அவள் வெல்டிங் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள். துருப்பிடித்த அடித்தகட்டின் மேல் வேறொரு வண்டிக் கதவிலிருந்து வெட்டிய தகட்டைப் பற்றவைத்து, கண்டக்டர் சீட்டுக் கால்களைக் குட்டையாக அறுத்து அதன் மேல் நிறுத்தி, எங்கள் சீட்டை உட்கார வைத்து, பழைய போல்ட்டுகளுக்கு இரட்டை நட்டு போட்டு இறுக்கினாள். இனி சீட்டு முன்னாலும் போகாது, பின்னாலும் வராது. அப்பா இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பார்த்தார். கார் ஆடியது, சீட்டு ஆடவில்லை. கூலிக்குப் பதிலாக அவள் கடைத் தராசின் முள்ளைச் சரிசெய்து கொடுத்தார். இரண்டு பேருமே தாம்தான் ஜெயித்தோம் என்ற முகத்தோடு பிரிந்தார்கள்.

அங்கிருந்து கிளம்பி, மூடிக்கிடக்கும் நூல் மில்லைத் தாண்டும் இடத்தில், கார் தானாக வேகத்தைக் குறைத்து, நாகரிகமாக இடதுபுறம் ஒதுங்கி, ஒரு பெருமூச்சு விட்டு நின்றது. அப்பா ஆக்ஸிலேட்டரை மிதித்தார். எஞ்சின் கத்தியது, சக்கரம் அசையவில்லை. பின் கதவு திறந்தது. முருங்கைக்காய் விற்கும் பாவாயக்கா காய்ச்சுமையை உள்ளே தள்ளி, தானும் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“கொஞ்சம் தள்ளிக்க அம்மிணி. நல்லமங்கை வந்து எத்தன வருசமாச்சு! பெயிண்டு மாத்திட்டாங்களாட்ட இருக்குது.”

“அக்கா, இது பஸ்ஸில்லீங்க. என்ற காருங்க” என்றார் அப்பா.

“ஸ்டாப்புல நின்னுச்சல்லொ?”

“நின்னுச்சு, ஆனா…”

“ஸ்டாப்புல நின்னு ஆளேத்தற வண்டிக்கு எங்கூருல பஸ்ஸுன்னுதானுங்க பேரு. கண்டக்டரம்மா, ரைட் குடுங்க, காய் வாடுது.”

அம்மா யாரைச் சொல்கிறாள் என்று திரும்பிப் பார்த்தாள். பிறகு தான் உட்கார்ந்திருக்கும் சீட்டைக் குனிந்து பார்த்தாள். வெட்கத்தோடு முந்தானையை வாயருகே கொண்டுபோய், சாமியிடம் வேண்டுவதைப் போல மெதுவாக, “போலாம் ரைட்” என்றாள்.

கார் நழுவிக்கொண்டு கிளம்பியது.

அதன் பிறகு அது நல்லமங்கையின் எல்லா ஸ்டாப்பிலும் நின்றது. ஆலமரம் வெட்டப்பட்டு இப்போது செல்போன் கடை இருக்கும் இடத்தில் ஆலமர ஸ்டாப்புக்காக நின்றது. நிழற்குடை இடிந்துபோன இடத்தில் நிழற்குடை இருப்பதாகவே நினைத்து நின்றது. ஒவ்வொரு முறையும் அம்மா ரைட் கொடுத்த பிறகுதான் கிளம்பியது. ஏன் இப்படி என்று கேட்டவர் எங்கள் பக்கத்தில் ஒரே ஒருவர்தான், அவர் என் அப்பா. மற்றவர்கள் எத்தனை மணிக்கு வரும் என்று மட்டும் கேட்டார்கள்.

மறுநாளே ஸ்டாப்புகளில் ஆட்கள் நின்றார்கள். செல்போன் கடைக்காரர் வாசலில் பெஞ்சு போட்டார். டீக்கடைக்காரர் நல்லமங்கை போய்விட்டதா இல்லையா என்பதை வைத்துப் பால் வாங்கத் தொடங்கினார். முன்னே காலை பூஜை மணிக்கு வரும், இப்போது வெயில் ஏறி வருகிறதே என்று கோயில் பூசாரி குறைப்பட்டுக்கொண்டார். வயதான ஒருவர் அப்பாவின் பக்கத்து ஜன்னலில் கையூன்றி, “அந்தக் காலத்து டிரைவர் மெதுவா ஓட்டுவாருங்க, நீங்க கொஞ்சம் முரட்டுத்தனம்” என்று சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் ஏறி உட்கார்ந்தார். பொம்பளைகளுக்கு இதிலும் இலவசமா என்று ஒரு சர்ச்சை வந்து இரண்டு ஸ்டாப் தூரம் நீடித்தது. வெள்ளை நம்பர் பிளேட் வண்டியில் டிக்கெட் போடக் கூடாது என்று அப்பா சொன்னதால், எல்லோருக்குமே இலவசம் என்று தீர்ப்பாகி, அது அப்பாவின் பெருந்தன்மை என்று ஊர் முழுக்கப் பரவியது. கைச்செலவில் கஞ்சரான என் அப்பாவுக்கு ஆயுளில் கிடைத்த முதல் நல்ல பெயர் அது. அவர் அதை வைத்துக்கொள்வதா திருப்பிக் கொடுப்பதா என்று தெரியாமல் திணறினார்.

டிக்கெட் இல்லாத குறைக்கு ஆட்கள் இறங்கும்போது கத்தரிக்காயும் கீரையும் தட்டைப்பயறும் வைத்துவிட்டுப் போனார்கள். அதனால் பெட்ரோல் போன வருத்தம் பாதி ஆறியது. மீதி ஆறாததற்குக் காரணம் பத்திரிகை. ஏறியவர்கள் எல்லோரும் என் மடியில் இருந்த பத்திரிகைப் பையைப் பார்த்தார்கள். பார்த்தவர்களைக் கூப்பிடாமல் அம்மாவால் இருக்க முடியவில்லை. “நம்ம வண்டியில ஏறுனவங்களுக்கு வெக்காம எப்படிங்க?” என்று கேட்டாள். அச்சகத்துக்கு மறுபடி ஆள் அனுப்ப வேண்டியதாயிற்று. பத்திரிகையைக் கையில் வாங்கிய ஒவ்வொருவரும், வாங்கிய கையோடு, வேறெதையும் கேட்காமல் ஒன்றையே கேட்டார்கள்.

“தாய்மாமனுக்கு வெச்சாச்சுங்களா?”

அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்ப்பாள். அப்பா ஹாரன் அடிப்பார்.

விஷயம் இதுதான். நல்லமங்கையின் கடைசி ஸ்டாப் கொறங்காட்டுப்புதூர். மாமா வீட்டு வாசலில்தான் அது நின்று திரும்பும். அதற்கு முந்தைய ஸ்டாப், சாலை இரண்டாகப் பிரியும் கல்லாங்காட்டுப் பிரிவு. ஏறியவர்களை இறக்கிவிடத் தினமும் அந்தப் பிரிவு வரை போக வேண்டியிருந்தது. அங்கே கார் நின்றதும், கடைசி ஸ்டாப்புக்கு ஆள் யாரும் இல்லை என்பதைப் பின்சீட்டில் எட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்டு, அப்பா அவசரமாக வண்டியை ஊரைப் பார்த்துத் திருப்பிவிடுவார். திருப்புவதற்கு மட்டும் கார் மறுப்புச் சொல்லாது. திருப்பிய பிறகு அம்மா கொஞ்ச நேரம் எதிர்ப்பக்கத்துச் சாலையைப் பார்த்துவிட்டு, யாருக்கும் கேட்காத குரலில் ரைட் கொடுப்பாள். காருக்கு மட்டும் கேட்டுவிடும்.

அப்பா வேறு வழிகளையும் பார்த்தார். அம்மாவை வீட்டில் விட்டுவிட்டு என்னை முன்னால் உட்கார வைத்தார். வகுப்பில் பேர் கூப்பிட்டால் கை தூக்கக்கூடக் கூச்சப்படும் நான் சொன்ன ரைட் எனக்கே கேட்கவில்லை, காருக்கு எப்படிக் கேட்கும்? நூல் மில் ஸ்டாப்பில் வெகுநேரம் நின்றோம். எடைக்கல்லை முன்சீட்டில் வைத்துப் பார்த்தார். அன்று அம்மா சோற்றுப் பாத்திரத்தோடு நடந்து வந்து ஏறி ரைட் கொடுத்துக் காரை மீட்க வேண்டியிருந்தது. கடைசியில் சுபைதா அக்காவிடம் போனார்.

“கழட்டலாம் சார். ஆனா அடித்தகடும் சேந்து வந்துரும். அப்புறம் அம்மா காருக்குள்ளயே ரோட்டுல நடந்துதான் வரணும்.”

அப்பா திரும்பி வந்துவிட்டார்.

இதற்குள் அம்மாவின் குரல் மாறிக்கொண்டிருந்தது. முந்தானையை வாயருகே கொண்டுபோவது முதலில் நின்றது. பிறகு “உள்ள தள்ளி உக்காருங்க” என்றாள். “கோழிய மடியில வெச்சுக்கோங்க” என்றாள். மாணவன் ஒருவன் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு காலைத் தொங்கவிட்டபோது அவள் போட்ட சத்தத்தில் அப்பாவும் காலைப் பெடலிலிருந்து எடுத்துவிட்டார். வழியில் இளநீர்க் கடையைக் கண்டால் இப்போது “ஏனுங்க” என்று ஆரம்பிப்பதில்லை. அதற்கு முந்தைய ஸ்டாப்பிலேயே கடைக்காரருக்குச் சொல்லி அனுப்பிவிடுவாள். கார் நிற்கும்போது இளநீர் சீவி ஸ்டாப்பில் காத்திருக்கும்.

கல்யாணத்துக்குச் சில நாட்களே இருக்கையில், ஒரு முற்பகலில், வழக்கம்போலப் பிரிவு வரை வந்தோம். பின்சீட்டில் நானும், ஊர்ப்பக்கம் போக அங்கே ஏறிக்கொண்ட பாவாயக்காவும், கோழியோடு ஒரு அண்ணனும். அம்மா அன்று காரணம் சொல்லாமல் நல்ல புடவை கட்டியிருந்தாள். துக்கச் செய்தி எதுவும் வந்திருக்கவில்லை. மடியில் தட்டம், தட்டத்தில் வெற்றிலை, பாக்கு, பழம், மேலே ஒரு பத்திரிகை. அப்பா வண்டியைத் திருப்பி ஊரைப் பார்த்து நிறுத்தினார். ரைட்டுக்காகக் காத்திருந்தார்.

அம்மா சொல்லவில்லை.

“சொல்லு மயிலாத்தா.”

அம்மா முன்கண்ணாடி வழியே நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா தொண்டையைச் செருமினார். அதை அவர் பெருமையாகச் சொல்ல நினைத்தாரா, சமாதானமாகச் சொல்ல நினைத்தாரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை.

“உங்கண்ணனுக்குத் தபால்ல அனுப்பிட்டேன். இந்நேரம் போய்ச் சேர்ந்திருக்கும்.”

கோழிகூடச் சத்தம் போடவில்லை. தாய்மாமனுக்குத் தபாலில் பத்திரிகை! எங்கள் பக்கத்தில் இதைவிடச் சுவர் ஏறிக் குதித்து வீட்டுக்குள் கல்லெறிந்துவிட்டு வரலாம், அதற்காவது நேரில் போக வேண்டும்.

அம்மாவுக்குக் கோபம் வந்ததா என்று பார்த்தேன். கைவிரல்கள் தட்டத்தின் விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தன, அவ்வளவுதான். முகத்தைத் திருப்பாமல் சொன்னாள்.

“வண்டியத் திருப்புங்க. கடைசி ஸ்டாப்புக்கு டிக்கெட் இருக்குது.”

அப்பா பின்னால் எட்டிப் பார்த்தார். பாவாயக்கா தலையை ஆட்டினாள், அவளுக்கு இல்லை. கோழி அண்ணனும் ஆட்டினார். நானும் ஆட்டினேன்.

“யாருக்கு?”

“எனக்குங்க.”

அப்பா ஆக்ஸிலேட்டரை மிதித்துப் பார்த்தார். கார் அசையவில்லை. இறங்கிப் பின்னால் வந்து தள்ளினார். அண்ணனைத் தள்ளச் சொன்னார். அண்ணன் கோழியைக் காரணம் காட்டினார்.

“எங்களையெதுக்குங்க பாக்கறீங்க?” என்றாள் பாவாயக்கா. “கண்டக்டர் சொல்லாம வண்டி எடுத்தா யாருக்குங்க பொறுப்பு?”

வெயில் ஏறியது. முருங்கைக்காய் கொஞ்சம் வாடியது. அப்பா வேலியோரம் போய் நின்று, கொஞ்ச நேரம் எதையோ மனசுக்குள் இந்தத் தட்டிலும் அந்தத் தட்டிலும் மாற்றி மாற்றி வைத்துப் பார்ப்பவரைப் போல இருந்துவிட்டு, திரும்பி வந்து உட்கார்ந்து, ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து வண்டியைக் கொறங்காட்டுப்புதூர்ப் பக்கம் திருப்பினார்.

“போலாம் ரைட்!” என்றாள் அம்மா. அந்தச் சத்தத்துக்குப் பிரிவில் இருந்த காக்கைகள் எல்லாம் எழும்பிப் பறந்தன.

மாமா வாசலில் மாட்டுக்குச் சோளத்தட்டு வெட்டிக்கொண்டிருந்தார். மூக்கில் கண்ணாடி. கார் அவருக்கு நேர் முன்னால் ஒதுங்கி, பெருமூச்சு விட்டு நின்றது. பத்திரிகையைக் கொடுத்த கையோடு கிளம்பிவிடலாம் என்று அப்பா எஞ்சினை அணைக்காமலே இறங்கினார். அவர் பெட்ரோலை வீணாக ஓடவிட்டதை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அம்மா தட்டத்தோடு இறங்கினாள். நாங்களும் இறங்கினோம். பஸ்ஸே இறங்கும்போது ஒருவர் மட்டும் உட்கார்ந்திருப்பது நன்றாக இருக்காது என்று கோழி அண்ணனும் இறங்கினார்.

மாமா அரிவாளை வைக்கவில்லை. “தபால்ல ஏதோ வந்துச்சுங்க” என்று சோளத்தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “கண்ணாடி இல்லாம படிக்க முடியல.”

மூக்கின் மேலிருந்த கண்ணாடியை யாரும் சுட்டிக்காட்டவில்லை. மாமா தலையைத் தூக்கி, காரைப் பார்த்து, அதன் முன்சீட்டைப் பார்த்து, தங்கையின் புடவையைப் பார்த்து, கடைசியாக அப்பாவைப் பார்த்தார்.

“ரொம்ப லேட்டுங்க மாப்பிள்ளை.”

அப்பாவுக்கு எத்தனையோ பதில்கள் இருந்திருக்கும். கடையில் வேலை, கல்யாண அலைச்சல், கார் ரிப்பேர். ஆனால் கண்டக்டர் சீட்டின் இரும்பு அவர் நாக்குக்குள்ளும் கொஞ்சம் போயிருந்ததோ என்னவோ, வாயைத் திறந்தபோது வந்தது இதுதான்.

“எல்லா ஸ்டாப்புலயும் நின்னு வந்துச்சுங்க மச்சான்.”

சொன்ன பிறகுதான் அது யாருடைய வார்த்தை என்று அவருக்கு உறைத்தது. அம்மாவுக்கும் உறைத்தது, தட்டத்தில் பாக்கு லேசாக உருண்டது. அதற்கு ஒரு பதில் இருந்தது. அந்தப் பதில் எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும், எனக்கே தெரியும். அதைச் சொல்ல மாமாவுக்கு எல்லா உரிமையும் இருந்தது, கையில் அரிவாள் வேறு இருந்தது. அவர் அதைச் சொல்லப் போகிறார் என்று நான் கீழே பார்த்துக்கொண்டேன்.

மாமா அரிவாளைத் தட்டுக்கட்டின் மேல் குத்தி வைத்தார். வேட்டியில் கையைத் துடைத்தார்.

“நல்ல நேரம் எந்த ஸ்டாப்புலயும் நிக்காதுன்னீங்க மாப்பிள்ளை. நின்னிருக்குது பாருங்க. இத்தன வருசமா இந்தக் கடைசி ஸ்டாப்புலயேதான் நின்னுட்டு இருந்திருக்குது.” பிறகு குரலை உயர்த்தி, “ஏ மயிலா, வெயில்ல நின்னுட்டு என்ன பண்ற? உள்ள வா” என்றார்.

அம்மா உள்ளே போய்த்தான் அழுதாள். தட்டத்தை அப்பாவும் அம்மாவும் சேர்ந்து பிடித்துக் கொடுத்தார்கள். மாமா வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அந்தக் கண்ணாடியாலேயே முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்து, தன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது. அது அம்மாவின் வேலை.

“முகூர்த்தத்துக்கு மொத நாளே வந்துர்றேனுங்க” என்றார். “இந்த வண்டிய நம்பிக் காலைல கிளம்ப மாட்டேன். ஒருக்கா பட்டது போதும்.”

அப்பாவும் மாமாவும் சேர்ந்து சிரித்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. இரண்டு பேரின் சிரிப்புக்கும் வழக்கம் விட்டுப்போயிருந்தது, முதலில் கொஞ்சம் கரகரத்தது. மாமா கார் வரை வந்து முன்சீட்டை ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை. “ஏனுங்க மாப்பிள்ளை, காசு போட்டுப் புதுசா ஒண்ணு வாங்கியிருக்கக் கூடாதுங்களா?” என்று கேட்டார். அப்பா கொஞ்சம் யோசித்துவிட்டு, “புதுசுல இந்தக் கனம் வராதுங்க” என்றார்.

அத்தை டீ கொடுத்தாள். பாவாயக்கா முருங்கைக்காயில் பாதியை அங்கேயே விற்றாள். கோழி அண்ணனுக்கு இலை போட்டார்கள். உள்ளே அம்மாவும் அத்தையும் பேசுகிற பேச்சு ஒன்றின் மேல் ஒன்று ஏறி, எது யாருடையது என்று பிரிக்க முடியாமல் கேட்டுக்கொண்டிருந்தது. வழியில் உள்ள ஸ்டாப்புகளில் எல்லாம் ஆட்கள் கையை நெற்றியில் வைத்து, நல்லமங்கையை இன்னும் காணோமே என்று சாலையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். வாசலில் எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. அப்பாவுக்கு அந்தச் சத்தம் காதில் விழ விழ இருப்புக் கொள்ளவில்லை. ஜன்னலருகே போய், என் ஆயுளில் முதல்முறையாக, அவர் ஆரம்பித்தார்.

“ஏம் மயிலாத்தா… போலாமா?”

உள்ளேயிருந்து, காக்கைகளை எழுப்பிய அதே குரல் வந்தது.

“கடைசி ஸ்டாப்புங்க. கண்டக்டர் டீ குடிச்சு முடிக்கட்டும், அப்புறம் பாத்துக்கலாம்.”

அப்பா கார் வரைக்கும் போனார். சாவியைத் திருகி எஞ்சினை அணைத்தார்.